முதல் 200 தோட்டா

அமெரிக்காவின் காஹ்ர் ஆர்ம்ஸ் பிஸ்டலை வாங்கியவர் கையேட்டைப் புரட்டினால் ஓர் எச்சரிக்கை கண்ணில் படும். 200 தோட்டா சுட்டு முடிக்கும்வரை இதைத் தற்காப்புக்கு நம்பி எடுத்துச் செல்ல வேண்டாம் என்பது அதன் சாரம். காசு கொடுத்து வாங்கிய பொருளைச் செய்தவரே 'இப்போதைக்கு நம்பாதே' என்கிறார். சாதாரண வாடிக்கையாளருக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். கைத்துப்பாக்கி ரசிகர்களுக்கோ இது விருந்து அழைப்பு. அந்த 200-ஐ எந்தெந்தத் தோட்டாவால் நிரப்புவது என்று கடை அலமாரிக்கு முன்னால் நின்று அவர்கள் மணிக்கணக்கில் யோசிப்பார்கள்.

புது பைக்கை முதல் சர்வீஸ் வரை நிதானமாக ஓட்டுவது போன்ற சமாச்சாரம் இது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அது பாதிதான் உண்மை. எந்திரத்தில் கடைந்த உலோகத்தின் சொரசொரப்பு உரசி உரசி வழவழப்பாவதும், புது ஸ்பிரிங்கின் முறுக்கு சற்றுத் தளர்வதும் அந்தப் பாதி. எந்தத் தோட்டாவை இந்தத் துப்பாக்கி விழுங்கும், எதைத் துப்பும் என்று கண்டுபிடிப்பது மறுபாதி. ரசனைக்கு வேலை வருவது இந்த மறுபாதியில்தான்.

சின்ன பிஸ்டல்களுக்கு ஏன் இத்தனை பிகு? உள்ளே நடப்பதைப் பார்த்தால் புரியும். சுட்டவுடன் மேலேயிருக்கும் ஸ்லைடு பின்னால் பாய்கிறது. அதிலுள்ள சிறு கொக்கி காலிக் கூட்டை இழுக்க, அது வெளியே தெறிக்கிறது. ஸ்பிரிங் ஸ்லைடை முன்னுக்குத் தள்ளுகிறது. போகிற போக்கில் ஸ்லைடு, மேகஸினின் வாயில் காத்திருக்கும் அடுத்த தோட்டாவை உந்திக்கொண்டு போக, அதன் மூக்கு ஒரு குட்டிச் சரிவில் ஏறிக் குழலின் பின்வாயான சேம்பருக்குள் நுழைகிறது. அடிவிளிம்பு சறுக்கிக் கொக்கிக்கு அடியில் போய் உட்கார வேண்டும். இத்தனையும் கண் இமைப்பதற்குள்.

ஆஸ்திரியரான கேயோர்க் லூகர் 9 மி.மீ. பாராபெல்லம் தோட்டாவை உருவாக்கியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முழு அளவு ராணுவப் பிஸ்டலுக்காக. இன்று அதே தோட்டாவை 3 அங்குலக் குழல் கொண்ட, சட்டைக்குள் மறைந்துவிடும் பிஸ்டலில் போட்டுச் சுடுகிறார்கள். ஸ்லைடு இலேசாகிவிட்டது, அது ஓடும் தூரமும் சுருங்கிவிட்டது, உதை மட்டும் குறையவில்லை. அதைத் தாங்க முரட்டு ஸ்பிரிங் வைக்கிறார்கள். புதிதாக இருக்கும்போது அந்த ஸ்பிரிங்கின் விறைப்பை வெல்லச் சோனித் தோட்டாவால் முடியாது. ஸ்லைடு முழுதாகப் பின்வாங்காது. காலிக் கூடு வெளியேறும் வாயிலிலேயே செங்குத்தாகச் சிக்கி நிற்கும். 'ஸ்டவ்பைப்' என்று இதற்குப் பெயர். சுடுபவர் மணிக்கட்டைத் தொய்வாக வைத்திருந்தாலும் இதே கோளாறு வருமென்பதால், குற்றவாளி கையா, தோட்டாவா, துப்பாக்கியா என்று பிரித்தறிவதே ஒரு வித்தை.

அளவு ஒன்றே காரணமும் அல்ல. 1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் வைத்த தேர்வில் ஜான் பிரௌனிங் வடிவமைத்த கோல்ட் பிஸ்டல் 6000 தோட்டாவை ஒரு கோளாறும் இல்லாமல் சுட்டது. சூடேறியபோது தண்ணீரில் முக்கி எடுத்துத் தொடர்ந்தார்கள். அதே வடிவத்தை இன்று செய்யும் கிம்பர் நிறுவனமோ, முதலில் 400 முதல் 500 தோட்டா வரை, அதுவும் 230 கிரெய்ன் உருண்டை மூக்குத் தோட்டாவைச் சுட்டுப் பழக்கச் சொல்கிறது. நூறாண்டு முன்னேற்றத்துக்குப் பிறகு இப்படியா என்று கேட்கலாம். ராணுவத்துக்கு வேண்டியது சேற்றிலும் ஓடுகிற தளர்வான பொருத்தம். இன்றைய வாடிக்கையாளர் கடையில் கையிலெடுத்து ஆட்டிப் பார்க்கும்போது 'கடகட'வென்று சத்தம் வரக் கூடாது. இறுக்கம் விற்கிறது, அந்த இறுக்கத்தைத் தேய்க்கும் செலவு வாங்கியவர் தலையில் விழுகிறது.

சரி, எதை வாங்குவது? முதல் விதியில் பெரிய தகராறு இல்லை. ஈயக் குண்டைச் செம்புத் தகடு முழுக்கப் போர்த்திய, மூக்கு உருண்ட, 'ஃபுல் மெட்டல் ஜாக்கெட்' எனப்படும் சாதாரணத் தோட்டா. சரிவில் முட்டினாலும் உருண்டு ஏறிவிடும். விலையும் குறைவு. எடையில்தான் சண்டை தொடங்குகிறது. 9 மி.மீ.யில் கடையில் கிடைப்பவை பெரும்பாலும் 115, 124, 147 கிரெய்ன் குண்டுகள். கிராமில் சொன்னால் சுமார் 7.5, 8, 9.5.

ஃபெடரல் நிறுவனத்தின் அமெரிக்கன் ஈகிள் வரிசையை எடுத்துக்கொண்டால் கணக்கு தெளிவாகும். 115 கிரெய்ன் விநாடிக்கு 1180 அடி, 124 கிரெய்ன் 1150 அடி, 147 கிரெய்ன் 1000 அடி என்று வேகம் குறிக்கப்படுகிறது. எடையை வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் கிடைப்பதைப் போட்டிச் சுடுநர்கள் 'பவர் ஃபேக்டர்' என்பார்கள். மூன்றுக்கும் முறையே ஏறத்தாழ 136, 143, 147. ஸ்லைடைப் பின்னுக்குத் தள்ளும் உந்தத்துக்கு இது நல்ல அளவுகோல். மலிவு என்று எல்லோரும் அள்ளும் 115 கிரெய்ன்தான் வரிசையில் கடைசி. தவிர, குழல் குட்டையாகும்போது பெட்டியில் அச்சிட்ட வேகத்தில் கொஞ்சம் கரைந்துவிடும். இறுக்கமான புதுப் பிஸ்டலுக்கு 124 கிரெய்னே பொருத்தம் என்று தேர்ந்தவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நேட்டோ படைகளுக்கான தோட்டாவும் பெரும்பாலும் இந்த எடைதான். அடியில் வட்டத்துக்குள் சிலுவைக் குறி இருந்தால் அது நேட்டோ சரக்கு. சாதாரணத்தைவிடச் சற்றுக் காரமாக அடைத்திருப்பார்கள், விறைத்த ஸ்பிரிங்கை மசிய வைக்க அது உதவும். கையேடு அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போட வேண்டும்.

கூடு பித்தளையாக இருக்கட்டும். பித்தளை வெடிப்பின் அழுத்தத்தில் விரிந்து, சேம்பர் சுவரோடு ஒட்டி, உடனே சுருங்கிக் கொக்கிக்கு இணங்கி வெளியே வரும். இரும்புக் கூட்டுக்கு அந்த நெகிழ்வு குறைவு. பழகிய துப்பாக்கியில் இரும்பும் அலுமினியமும் தாராளமாக ஓடலாம். புதியதில் கோளாறு வந்தால் பழியை யார்மேல் போடுவது என்ற குழப்பம் மிஞ்சும். அந்த ஒரு காரணத்துக்காகவே முதல் சில பெட்டிகளை ஒரே நிறுவனத்தில், ஒரே லாட் எண்ணில் வாங்குகிறவர்கள் உண்டு. செக் நாட்டில் 1825 முதல் இயங்கும் செல்லியர் அண்ட் பெல்லோ பெட்டியைத் திறந்தால் ஒவ்வொரு தோட்டாவின் அடியிலும், ஊசி அடிக்கும் கேப்பைச் சுற்றிச் சிவப்பு அரக்கு வளையம் தெரியும். ஈரம் புகாமலிருக்க அந்தப் பூச்சு. 50 சிவப்பு வளையங்கள் வரிசையாக இருப்பதைப் பார்ப்பதே சிலருக்கு ஒரு சந்தோஷம், அதைக் குறைசொல்ல முடியாது.

சுடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. தொழிற்சாலையில் பூசி அனுப்பும் எண்ணெய் பெரும்பாலும் துருப்பிடிக்காமலிருக்கத்தான். துடைத்துவிட்டுப் புதிதாக எண்ணெய் இட வேண்டும். குளோக் இதற்கு விதிவிலக்கு. ஸ்லைடின் உள்ளே செம்பு நிறத்தில் பூசியிருக்கும் கிரீஸைத் துடைக்க வேண்டாம் என்று அந்நிறுவனம் கையேட்டிலேயே கேட்டுக்கொள்கிறது. ஆர்வக்கோளாறில் பளிச்சென்று துடைத்துவைப்பவர்கள் அதிகம்.

அடுத்தது, தரையில் கிடக்கும் காலிக் கூடுகளைப் பொறுக்கிப் பார்ப்பது. பலர் இதைச் செய்வதில்லை, ஆனால் துப்பாக்கி பேசுவது இங்கேதான். கூட்டின் வெளிப்புறம் ஒரு பக்கமாகக் கரி படிந்திருந்தால், அழுத்தம் போதாமல் பித்தளை சேம்பரோடு ஒட்டவில்லை, புகை பின்னால் கசிந்திருக்கிறது, அதாவது தோட்டா சோனி. கேப்பில் பள்ளம் ஆழமில்லாமலிருந்தால் ஊசி சரியாக அடிக்கவில்லை. விளிம்பில் பித்தளை சிராய்ந்திருந்தால் கொக்கியின் முனை கூர்மையாக இருக்கிறது, நூறு தோட்டாவில் மழுங்கிவிடலாம். கூடுகள் விழும் இடத்தையும் கவனிக்க வேண்டும். காலடியிலேயே சொத்தென்று விழுந்தவை, 50-க்குப் பிறகு இரண்டு மூன்று அடி தள்ளிச் சீராக விழத் தொடங்கினால் ஸ்பிரிங் வழிக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம். மேகஸின்களுக்குப் பெயின்டில் 1, 2 என்று எண் போட்டுவைப்பது இன்னொரு பழக்கம். எல்லாக் கோளாறும் 2-லேயே வந்தால் துப்பாக்கியைத் திட்ட வேண்டாம், மேகஸினை மாற்றினால் போதும். சத்தம் 'பொத்'தென்று அமுங்கி வந்தால் மட்டும் அந்த இடத்திலேயே நிறுத்தியாக வேண்டும். குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கலாம், அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும்.

உருண்டை மூக்குத் தோட்டா 150 தடங்கலின்றி ஓடிய பிறகு, உண்மையில் எடுத்துச்செல்லப் போகும் ஹாலோ பாயிண்ட் தோட்டாவின் முறை. குழிந்த வாய் கொண்ட இந்தத் தோட்டாக்கள் சரிவின் ஓரத்தில் தட்டி நின்றுவிடும் ஆபத்து அதிகம். ஹார்னடியின் கிரிட்டிக்கல் டிஃபென்ஸில் குழியைச் சிவப்பு பாலிமர் முனை அடைத்திருக்கும். ஸ்பியர் நிறுவனமோ கோல்ட் டாட் தோட்டாவுக்கு ஜோடியாக, அதே எடைகளில், லாமேன் என்ற மலிவான பயிற்சித் தோட்டாவை விற்கிறது. லாமேனில் பழக்கி கோல்ட் டாட்டில் முடிப்பது கையும் பணப்பையும் ஒருசேர ஏற்கும் ஏற்பாடு.

இந்த விதிகளையெல்லாம் தலைகீழாக்கிய ஒரு பிஸ்டலும் உண்டு. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் பட்டறை வைத்த லுட்விக் சீகாம்ப் 1980-களில் செய்த எல்.டபிள்யூ.எஸ் .32, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். குறிபார்க்கும் முள்கூட அதில் கிடையாது. அதை அவர் வின்செஸ்டரின் 60 கிரெய்ன் சில்வர்டிப் ஹாலோ பாயிண்ட் ஒன்றை மனதில் வைத்தே வடிவமைத்தார். சில்வர்டிப் நீளத்தில் குட்டை. எல்லோரும் பழக்கச் சிபாரிசு செய்யும் 71 கிரெய்ன் உருண்டை மூக்கு, சீகாம்பின் மேகஸினுக்கு நீளம் அதிகம். பொதுப்புத்தி சொல்லும் தோட்டாவே இங்கே தப்பான தோட்டா. எதிர்முனையில் கெல்-டெக் பி-32 நிற்கிறது. முழு நீளத் தோட்டாவுக்காகச் செய்த மேகஸின் அது. குட்டையான ஹாலோ பாயிண்ட்களை அடுக்கினால் முன்னும் பின்னும் ஆட இடம் கிடைத்து, மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். பிரௌனிங்கின் .32 தோட்டாவுக்கு அடிவிளிம்பு கொஞ்சம் துருத்தியிருப்பதால் வரும் வினை. ஒரே காலிபர், இரண்டு குட்டிப் பிஸ்டல்கள், ஒன்றுக்கு மருந்தானது மற்றதற்கு விஷம்.

இந்தியாவில் உரிமம் பெற்ற பலரிடம் இருப்பதும் இந்த .32 தான். 9 மி.மீ. பாராபெல்லம் இங்கே தடைசெய்யப்பட்ட காலிபர். கட்கித் தொழிற்சாலையின் 'கே.எஃப்' முத்திரைத் தோட்டாவை, உரிமத்தில் எழுதியிருக்கும் எண்ணிக்கைக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும். சுட்டுச் சுட்டுப் பழக்கும் ஆடம்பரம் அமெரிக்கருடையது.

ரோர்பா ஆர்9 பிஸ்டல்காரர்களிடம் 200 என்ற எண்ணைச் சொன்னால் சிரித்துவிடுவார்கள். அந்தக் குட்டி 9 மி.மீ.யின் ஸ்பிரிங்கை 200 தோட்டாவுக்கு ஒருமுறை மாற்றச் சொன்னது அதைச் செய்த நிறுவனமே. காஹ்ருக்கு எங்கே நம்பிக்கை பிறக்கிறதோ, அங்கே ஆர்9-க்கு ஸ்பிரிங்கின் ஆயுள் முடிகிறது.

பழக்கி முடித்த பிறகும் கவனிக்க ஒன்று பாக்கி. தினமும் துப்பாக்கியைக் காலிசெய்து மறுநாள் நிரப்புபவர், மேலேயிருக்கும் அதே தோட்டாவைத் திரும்பத் திரும்பச் சேம்பருக்குள் ஏற்றுவார். ஒவ்வொரு முறையும் மூக்கு சரிவில் மோதி, குண்டு கூட்டுக்குள் மயிரிழை மயிரிழையாக இறங்கும். உள்ளே மருந்துக்கு இடம் சுருங்க, சுடும்போது அழுத்தம் எகிறும். பெட்டியிலிருந்து புதிய தோட்டா ஒன்றை எடுத்து மேசைமேல் பக்கத்தில் நிறுத்தினால் உயர வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். குட்டையாகிப்போனதைச் சுடாமல் ஒதுக்கிவிட வேண்டும். அதன் விலை ஒரு டாலருக்கு மேலிருந்தாலும்.