மூன்று வருஷக் கணக்கும் ஒரு பேயும்

பேயும் மனுஷியும் காதலிக்கும் கதையை எழுத ஒரு நாவலாசிரியனுக்கு உந்துதல் எங்கிருந்து வருகிறது? நம்மிடையே இது கௌரவமான கேள்வியாக எண்ணப்படுவதில்லை. காதல் வாரப் பத்திரிகைக்கு, பேய் மாத நாவலுக்கு, இலக்கியம் நமக்கு என்று எப்போதோ ஒரு பாகப்பிரிவினை நடந்து முடிந்துவிட்டது. மூன்றையும் ஒன்றாக்கி ஒருவன் எழுதிவிட்டால், அதை எந்த அலமாரியில் வைப்பது என்பதோடு நமது விசாரம் தீர்ந்துவிடும். இந்தப் பாகப்பிரிவினையில் நஷ்டப்பட்டது யார் என்று பார்க்க, செட்டிநாட்டைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கத்து வீடுகளைச் சினிமா தாராளமாகப் பயன்படுத்தியிருக்கிறது. பர்மாத் தேக்குத் தூண், இத்தாலிச் சலவைக்கல், ஆளில்லாத வளவு, நடு இரவில் ஒரு கொலுசுச் சத்தம். வெற்று வீடு பயமுறுத்தும் என்பது எந்தத் தேசத்துக் கதைக்காரனுக்கும் கைவந்த வித்தைதான். ஆனால் இந்த வீடுகள் ஜனம் நிறைந்திருந்த காலத்திலேயே ஒரு விதத்தில் பாதி காலியாக இருந்தவை என்பதை இந்தக் கதைக்காரர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

நகரத்தாரின் லேவாதேவிக் கடைகள் ரங்கூன், பினாங்கு, கொழும்பு, சைகோன் என்று பரவியிருந்த நாட்களில், ஏஜெண்டாகவோ அவனுக்குக் கீழே உள்ளவனாகவோ கப்பலேறியவனுக்குத் தவணை பொதுவாக மூன்று வருஷம். மனைவியை உடன் அழைத்துப்போகும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தவணை முடிந்து வந்து, சில மாதம் ஊரில் இருந்து, மறுபடியும் கடல். மணமான மகனுக்கு வளவில் ஒரு அறை உண்டு. கல்யாணத்துக்கு இசைகுடிமானம் என்ற எழுத்து உண்டு. சீர் சாமான்களுக்குப் பட்டியல் உண்டு. அறை இருந்தது, எழுத்து இருந்தது, பாத்திரங்கள் அடுக்கியபடி இருந்தன. ஆள்தான் இல்லை.

இந்தச் சமூகத்தின் பேரேடுகளைப் பற்றிய ஒரு விஷயம் என்னை வெகுநாளாகத் தொந்தரவு செய்கிறது. அவற்றில் முருகனுக்குக் கணக்கு உண்டு. வியாபாரத்தில் மகமை எடுத்து, அவன் பேரில் வரவு வைத்து, அந்தப் பணத்தையும் வட்டிக்கு விட்டார்கள். போன இடமெல்லாம் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பினார்கள். சிங்கப்பூர் டாங்க் ரோட்டுக் கோயில் 1859-ஆம் வருஷத்தியது. கண்ணால் காணமுடியாத ஒருவரைப் பற்று வரவில் சேர்த்துக்கொள்ள இவர்களுக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை. ஆனால் அதே பேரேட்டில், வளவில் இருந்தவளின் மூன்று வருஷத்தை எழுதப் பத்தி கிடையாது. எழுதப்படாத இந்த வரவிலிருந்துதான் செட்டிநாட்டின் பேய்க்காதல் கதை பிறக்கமுடியும் என்று எனக்குப் படுகிறது. கொலுசுச் சத்தத்திலிருந்து அல்ல.

யதார்த்த நாவல் இதைச் செய்யாதா என்று கேட்கலாம். அதன் ஆகச் சிறந்த சாட்சி நம்மிடம் இருக்கிறது. சிங்கம்புணரிக்காரரான ப. சிங்காரம், மேடானில் வட்டிக்கடை வாழ்க்கையை உள்ளேயிருந்து பார்த்தவர். 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' இரண்டிலும் கடையின் படிநிலைகள், பேச்சு, யுத்தம் வந்ததும் எல்லாம் சரிந்த விதம் யாவும் அசாத்தியமான துல்லியத்தோடு வருகின்றன. ஆனால் அவர் நிற்கும் கரை அந்தக் கரை. அங்கிருந்து பார்க்க ஊர் என்பது ஞாபகம். ஞாபகத்தில் இருக்கும் பெண்ணுக்குத் தன் நாட்கள் என்று எதுவும் இருக்கமுடியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு பார்வையின் எல்லை என்கிறேன். இந்தக் கரையில் நின்று எழுதும் யதார்த்தவாதி என்ன எழுதுவான்? காத்திருந்தாள், காத்திருந்தாள் என்று எழுதுவான். அது பத்தினிக் கதையாக முடியும், இல்லையானால் கள்ள உறவுக் கதையாக முடியும். இரண்டிலும் தீர்ப்புச் சொல்வது ஊர்.

இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியேறும் வழியைக் கண்டவர் ராஜஸ்தானத்து போரூந்தா கிராமத்தின் விஜய்தான் தேதா (1926–2013). அங்கேயும் வணிகர்கள் உண்டு, தூரதேசம் உண்டு, ஊரில் விடப்பட்ட மனைவி உண்டு. வாய்மொழிக் கதையொன்றை எடுத்து அவர் எழுதிய 'துவிதா'வில், கல்யாணமான கையோடு ஐந்து வருஷ வியாபாரத்துக்குக் கிளம்புகிறான் வணிகன் மகன். புதுமனைவியோடு ஊர் திரும்பும் வழியிலேயே அவன் கல்யாணச் செலவைக் கணக்குப் பார்த்துக்கொண்டு வருகிறவன். அவள்மேல் ஆசை கொண்ட ஒரு பேய் அவன் உருவில் வீட்டுக்கு வருகிறது. தகப்பனுக்கு லாபம் வந்துகொண்டிருப்பதால் சந்தேகம் வரவில்லை. ஆனால் பேய் அவளிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுகிறது. அவள் அறிந்தே ஏற்கிறாள். கடைசியில் ஒரு இடையன் தந்திரமாகப் பேயைத் தோல்பைக்குள் அடைத்துவிட, வீடு மறுபடியும் ஒழுங்காகிறது. ஒழுங்கானது எவ்வளவு பெரிய கொடுமை என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. மணி கௌல் 1973-இல் இதைப் படமாக்கினார். 2005-இல் வந்த 'பஹேலி' பேயைக் கணவன் உடலுக்குள் புகுத்தி எல்லோரையும் சந்தோஷப்படுத்தியது. அதாவது, கேள்வியை அழித்தது.

பேய் இங்கே பயத்துக்காக வரவில்லை. கணவன் என்ற ஸ்தானத்தையும் கணவன் என்ற மனிதனையும் பிரித்துக் காட்ட வருகிறது. ஸ்தானத்துக்கு உருவம் போதும். வீட்டாருக்கு வேண்டியிருந்ததும் அதுதான். இந்தப் பிரிவைச் செய்யக் காதல் கதை மட்டும் போதாது, பேய்க்கதை மட்டும் போதாது, வட்டிக்கடை யதார்த்தமும் வேண்டும். வகைகள் கலப்பது இங்கே சாமர்த்தியத்தின் விளைவல்ல. விஷயமே அப்படிக் கேட்கிறது.

ஆகவே இவ்வகைக் கதைக்கு ஒரு சோதனை உண்டு என்பேன்: அவளுக்குத் தெரியுமா? அகலிகைக்குத் தெரியுமா தெரியாதா என்பதில் நம் மரபே ஒரு முடிவுக்கு வரவில்லை. கிரீஷ் கார்னாடின் 'நாகமண்டல'த்தில் (1988) கணவன் உருவில் வரும் நாகத்தை ராணி வெகுதூரம்வரை அறிவதில்லை. அறியாமை அவளைக் காப்பாற்றுகிறது, அதே சமயம் சிறுமைப்படுத்தவும் செய்கிறது. தேதாவின் பெண் அறிந்தவள். அறிந்தவளுக்குத்தான் 'துவிதா' என்னும் இரண்டக நிலை ஏற்படமுடியும்.

இது வடக்கத்திச் சரக்கு, நமக்கு ஒட்டாது என்று ஆட்சேபம் வரலாம். நம்மிடம் இதைவிடப் பழையது இருக்கிறது. சேக்கிழார் சொல்லும் காரைக்கால் அம்மையார் வணிகன் மனைவி. மாங்கனியின் அற்புதத்தைக் கண்டு அஞ்சிய பரமதத்தன் கப்பலேறுகிறான். பிறகு பாண்டிநாட்டில் வேறொருத்தியை மணந்து வாழ்கிறான். சுற்றத்தார் அழைத்து வந்து அவன் முன் நிறுத்தியபோது அவன் அவள் காலில் விழுகிறான். அதன் பிறகு அவள் கேட்டுப் பெறுவது பேய் வடிவம். சாகாமலே பேயானவள். கணவனுக்காகச் சுமந்த உடம்பு இனித் தேவையில்லை என்று உதறியவள். பேய் என்பது ஒப்பந்தத்திலிருந்து விடுதலை என்ற எண்ணம் தமிழில் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே காவியமாகியிருக்கிறது. பக்தி என்று பெயரிட்டு நாம் அதன் கூர்மையை மழுக்கிக்கொண்டோம்.

நவீனத் தமிழில் பேயை நடுவீட்டுக்குள் அழைத்து வந்த புதுமைப்பித்தன், முப்பதுகளில் சில காலம் காரைக்குடியில் 'ஊழியன்' பத்திரிகையில் வேலை பார்த்தார். 'காஞ்சனை' அங்கிருந்து வந்தது என்று நான் சொல்லவரவில்லை. பேயை நம்பச் சொல்லாமலும் மறுக்காமலும் எழுதமுடியும் என்று அவர் காட்டியபிறகும், அந்த வாசல் வழியாக ஒரு நாவல் உள்ளே வரவில்லையே என்பதுதான் என் ஆதங்கம். முப்பதுகளில் நெல் விலை வீழ்ந்து, கடனுக்கு ஈடாக வந்த நிலம் பெருகி, கீழ்பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால்பங்கு செட்டியார்கள் கையில் இருந்தது. 1942-இல் ஜப்பானியப் படை வந்தது. 1948-இல் நில தேசியமயச் சட்டம் வந்தது. கைவிட்டுப் போன ஏக்கர்களுக்குக் கணக்கு இருக்கிறது.

காரைக்குடிப் பக்கத்தில் 'படைப்பு' என்றால் இலக்கியம் அல்ல. இறந்த முன்னோருக்குத் துணி வைத்து, சமைத்துப் படைக்கும் குடும்பச் சடங்கு. இறந்தவள் அன்று வீட்டுக்கு வருகிறாள், அவளுக்குப் புடவை உண்டு, சாப்பாடு உண்டு. நாமும் நம் எழுத்துக்கு அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். செட்டிநாட்டுப் பேயைப் பற்றி நாவல் எழுதப்போகிறவர், அந்த வீட்டுப் படைப்புக்குப் போய் யார் பேருக்குப் புடவை வைக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு ஆரம்பிக்கட்டும். அவள் உயிரோடிருந்த மூன்று மூன்று வருஷங்களில் அந்த அறைக்கு யார் வந்தார்கள் என்பதை, அவள் வாயால் சொல்லவிடட்டும்.