முதல் 50 தோட்டா

2025 தொடக்கத்தில் உத்தராகண்டில் நடந்த 38வது தேசிய விளையாட்டுப் போட்டியில், பெண்கள் 25 மீட்டர் பிஸ்டல் தங்கத்தை ராஹி சர்னோபத் வாங்கியபோது அவருக்கு வயது 34. 2018 ஆசிய விளையாட்டில் ஷூட்-ஆஃப் வரை போய் ஜெயித்தவர். ஆசிய விளையாட்டுத் துப்பாக்கிச் சுடுதலில் தங்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர்தான். டோக்கியோ ஒலிம்பிக்கில் இறுதிச்சுற்றுக்கே வர முடியவில்லை. பிறகு நரம்பு வலி வந்து போட்டிகளை விட்டே விலகியிருந்தார். திரும்பி வந்ததும் எல்லோரும் அவருடைய மன உறுதியைப் பாராட்டி எழுதினார்கள். எழுதட்டும். எனக்கு ஆர்வம் வேறிடத்தில். வருடக்கணக்கில் தொடாத செமி-ஆட்டோமேட்டிக் பிஸ்டலை ஒருவர் மறுபடி கையில் எடுக்கும் முதல் நாளில், எது கெட்டுப்போயிருக்கும், எது அப்படியே இருக்கும்?

பதக்கக்காரர்களுக்குப் பயிற்சியாளர் உண்டு, ஆயுதம் பழுதுபார்ப்பவர் உண்டு. நம்மூர்க்காரருக்கு? பெருமுக்கல் பக்கம் ஒருவர், ஒரு காலத்தில் மாநிலப் போட்டிவரை சுட்டவர், வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று விட்டுவிட்டவர் என்று வைத்துக்கொள்வோம். அலமாரியில் .22 வால்தர் ஜிஎஸ்பி. 1960களின் கடைசியில் வந்த மாதிரி. இன்றைக்கும் ரேஞ்சில் பார்க்கலாம். பெருமுக்கல் மலைக்கோட்டைக்கு வெடிச்சத்தம் புதிதில்லை, 1760இல் ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட்டின் படை பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து அதைப் பிடித்த கதை உண்டு. ஆனால் அலமாரிப் பிஸ்டலுக்குப் பகை காற்றுதான். கிழக்கே மரக்காணத்து உப்பளங்கள், அதற்கும் அப்பால் கடல். அங்கிருந்து வரும் காற்றில் உப்பு இருக்கிறது. உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்து இரும்பின் மேல் உட்கார வைத்துவிடும். வெளியில் பளபளப்பாக இருக்கும் பிஸ்டலில், மரப்பிடியைக் கழற்றினால் அடியில் துரு பூத்திருக்கும். மேகசினுக்கு உள்ளே, பின் சைட்டுக்குக் கீழே என்று கண் போகாத இடங்களில்தான் அது குடியேறும். தோல் உறையிலோ ஸ்பாஞ்சு வைத்த பெட்டியிலோ மூடி வைத்திருந்தால் இன்னும் மோசம். இரண்டும் ஈரத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளும்.

அறைக்குள் தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, அடுத்து எண்ணெயைப் பார்க்க வேண்டும். போகும்போது பாசத்தோடு தாராளமாகப் பூசிவிட்டுப் போன எண்ணெய், பல வருடத்தில் பிசினாகியிருக்கும். .22 பிஸ்டலில் இது சின்ன விஷயமில்லை. இந்தத் தோட்டாவுக்குச் சக்தி குறைவு. சுட்டவுடன் பின்னுக்குத் தள்ளப்படும் காலிக்கூடுதான் பின்பாகத்தையும் தள்ளி, தன்னை வெளியே எறிந்துகொண்டு, அடுத்த தோட்டாவுக்கு வழிவிட வேண்டும். கொஞ்சம் பிசின் இருந்தாலே பாதி வழியில் நின்றுவிடும். கூடு வாசலில் சிக்கும். பிஸ்டலுக்கு வயதாகிவிட்டது, விற்றுவிடலாம் என்று முடிவு கட்டுகிறவர்கள் இந்த இடத்தில்தான் முடிவு கட்டுகிறார்கள். பெரும்பாலும் தேவைப்படுவது நல்ல கழுவல், புது ஸ்பிரிங், ஒரு புது மேகசின்.

டிரிகரையும் அளந்துவிட வேண்டும். 25 மீட்டர் போட்டிகளில் டிரிகரில் 1000 கிராம் எடையைத் தொங்கவிட்டுத் தூக்குவார்கள். விசை விழுந்துவிட்டால் பிஸ்டல் மேடைக்குப் போகாது. தளர்ந்த ஸ்பிரிங்குக்கு இந்தச் சோதனை கருணை காட்டாது. திருகாணியை வைத்துக்கொண்டு வீட்டிலேயே சரிபண்ணுகிற வேலை வேண்டாம். தெரிந்தவர் கையில் கொடுங்கள்.

இனி காகிதம். ஒரு பெட்டியில் 50 தோட்டா. அந்த முதல் பெட்டியின் ஓட்டைகளை வரிசையாகப் படித்தால் ஆள் எங்கே நிற்கிறார் என்று தெரிந்துவிடும். முதல் 10 பெரும்பாலும் நன்றாகவே விழும். எதிர்பார்ப்பு இல்லை, அவசரம் இல்லை, பயமும் கவனமும் சேர்ந்து டிரிகரை மெல்ல அழுத்த வைக்கின்றன. "அட, ஒன்றும் மறக்கவில்லையே!" என்று முகம் மலரும். அதற்குப் பிறகுதான் உண்மை. ஒற்றைக் கையில் ஒரு கிலோவுக்கு மேல் நீட்டிப் பிடித்துப் பழகிய தோள் இப்போது இல்லை. புள்ளி பத்தின் மேல் நிற்கும் அந்த ஒரு கணத்திலேயே சுட்டுவிட வேண்டும் என்று விரல் பதறும், வெட்டி இழுக்கும். வலக்கைக்காரருக்குத் தோட்டாக்கள் இடப்பக்கம் கீழே கூட்டமாகப் போய் விழும். நிற்கும் விதம், பிடிக்கும் விதம், மூச்சு இதெல்லாம் உடம்பில் தங்கியிருக்கிறது. போனது விரலின் பொறுமை மட்டும்.

கை ஆடுகிறதே என்றுதான் திரும்பி வந்தவர்கள் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். கணக்கு வேறு சொல்கிறது. 25 மீட்டர் துல்லியச் சுற்றின் பத்து வளையம் 50 மில்லிமீட்டர் அகலம். இரண்டு சைட்டும் நேராக இருந்து, பிஸ்டல் மொத்தமாக 2 சென்டிமீட்டர் நகர்ந்தாலும் பத்துதான். ஆனால் முன் சைட், பின் சைட்டின் பள்ளத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால்? விதிப்படி இரண்டு சைட்டுக்கும் நடுவே அதிகபட்சம் 220 மில்லிமீட்டர். அந்தத் தூரத்தில் ஒரு மில்லிமீட்டர் விலகல், 25 மீட்டர் தள்ளி கிட்டத்தட்ட 114 மில்லிமீட்டராக விரிகிறது. ஆறு. நல்ல சுடுநருக்கு அது அவமானம்.

நாற்பதைத் தாண்டியவருக்கு இது இரட்டைச் சோதனை. கைநீட்டும் தூரத்தில் இருக்கும் முன் சைட் மங்கும். தூரத்து இலக்கோ தெளிவாகத் தெரியும். கண் சுலபமான பக்கம் ஓடிவிடும். இலக்கைப் பார்த்துச் சுட ஆரம்பித்தால் ஓட்டைகள் ஒரு பக்கமாகக் குவியாது, சிதறும். கூட்டமாக ஓரத்தில் விழுந்தால் விரல், சிதறினால் கண் என்று முதல் கணிப்பாக வைத்துக்கொள்ளலாம். முதல் பெட்டி தீரும்வரை சைட் திருகைத் தொடக் கூடாது என்பது என் கட்சி. விரலின் குற்றத்துக்குச் சைட்டைத் திருத்தினால், விரல் சரியான அன்று எல்லாம் வலப்பக்கம் மேலே போய் நிற்கும்.

சில பழைய பிஸ்டல்களுக்கு இந்த மறுவாழ்வே கிடையாது. ரேபிட் ஃபயர் போட்டியில் முன்பு .22 ஷார்ட் என்ற குட்டித் தோட்டா இருந்தது. உதைப்பு மிகக் குறைவு, டிரிகரும் இறகு போல. 2004 ஏதென்ஸ்தான் அதற்குக் கடைசி ஒலிம்பிக். 2005 முதல் .22 லாங் ரைபிள் தோட்டாவும் 1000 கிராம் டிரிகரும் கட்டாயம். வால்தர் ஓஎஸ்பி, பார்தினி ஜிபி போன்றவை ஒரே நாளில் காட்சிப்பொருளாகின. ஏதென்ஸில் தங்கம் வாங்கிய ஜெர்மனியின் ரால்ஃப் ஷூமனுக்கு அது மூன்றாவது ஒலிம்பிக் தங்கம். கையில் ஊறிய பழக்கத்தை எல்லாம் மாற்றிக்கொண்டு, 2008 பெய்ஜிங்கில் 46 வயதில் வெள்ளி வாங்கினார். நான் பார்த்தவரை பழகிய கை புதுப் பழக்கத்துக்கு வளைந்ததற்கு இதைவிடப் பெரிய சான்று இல்லை.

அதே பெய்ஜிங்கில் பெண்கள் 25 மீட்டரில் வெண்கலம் வாங்கிய முன்க்பாயர் டோர்ஜ்சுரென், அதற்கு முந்தைய வெண்கலத்தை 1992 பார்சிலோனாவில் வாங்கியவர். அன்று மங்கோலியாவுக்கு, 16 வருடம் கழித்து ஜெர்மனிக்கு. 2018இல் ராஹிக்குப் பயிற்சி கொடுத்தவரும் இவரே. நம் ஜஸ்பால் ராணா 1994 ஹிரோஷிமாவில் சென்டர் ஃபயர் பிஸ்டலில் வாங்கிய தங்கத்தை, 12 வருடம் கழித்து 2006 தோஹாவில் காய்ச்சலோடு மறுபடி வாங்கினார், 590 புள்ளியோடு, உலக சாதனையைச் சமன் செய்து. இவர்கள் யாரும் நம்மவரைப் போல வருடக்கணக்கில் பிஸ்டலைத் தொடாமல் இருந்துவிடவில்லை, உண்மை. வயது இந்த விளையாட்டில் கதவைச் சாத்துவதில்லை என்பதற்கு மட்டும் அவர்கள் சாட்சி.

தோட்டா விலையைப் பார்த்தால் முதல் மாதம் டிரை ஃபயர்தான் உத்தமம். வெறும் சுவரைப் பார்த்து, காலி பிஸ்டலில், முன் சைட் அசையாமல் டிரிகரை அழுத்துவது. ஒரு எச்சரிக்கை: .22இல் ஊசி தோட்டாவின் விளிம்பில்தான் அடிக்கிறது. அறை காலியாக இருந்தால் சில மாதிரிகளில் அது குழலின் விளிம்பிலேயே மோதிப் பள்ளம் போட்டுவிடும். பிஸ்டலில் அதற்கென்று தனி அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் டம்மித் தோட்டா வாங்குங்கள். உரிமம் உயிரோடு இருக்கிறதா என்பதை அதற்கும் முன்னாலேயே பார்த்துவிட வேண்டும். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதன் காலம் 5 வருடம். பழைய 3 வருட நினைப்பில் இருக்கிறவர்கள் தேதியை மறுபடி படிக்கட்டும்.

எந்தப் போட்டியில் இறங்குவது? ஸ்டாண்டர்ட் பிஸ்டல் என்பேன். 5 தோட்டாவுக்கு 150 விநாடி, அடுத்து 20, கடைசியில் 10. முதலிரண்டு சுற்றுகளை ஒழுங்காக்கிக்கொண்டு, 10 விநாடிச் சுற்றுக்குப் புள்ளி போனால் போகிறது என்று இந்த சீசனை ஓட்டலாம். பழைய ஸ்பிரிங்குகள் சிக்கவைக்கும் இடமும் அந்தச் சுற்றுதான். சிக்கினால் பிஸ்டலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு இன்னொரு கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட வேண்டும். பழக்கதோஷத்தில் ஸ்லைடை நீங்களே இழுத்துவிட்டால் மறுபடி சுடும் வாய்ப்பு போயிற்று.