பூமியின் உஷ்ணமும் பூட்டி வைத்த சுருளும்

நிலவறையின் மூலையில் ஓர் அலமாரியின் பரிமாணத்தில் நிற்கும் அந்த யந்திரத்தோடு, டிசம்பர் தொடக்கம் முதல் இன்றுவரை பதினான்கு வாரங்கள் வாழ்ந்திருக்கிறேன். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், கிங்ஸ்டன் நகருக்கு வடக்கே, எரிவாயுக் குழாய் வந்து சேராத ஒரு கிராமத்தில் இருக்கிறது எங்கள் வீடு. எண்ணெய் எரித்து வீட்டைச் சூடாக்கிவந்த பழைய ஃபர்னஸ் தன் ஆயுளை முடித்துக்கொண்டபோது, ப்ரொபேன் வாயுவுக்கு மாறுவதா, வெளிக்காற்றிலிருந்து உஷ்ணத்தை எடுக்கும் ஹீட் பம்பை வைப்பதா, பூமிக்குள்ளிருந்து அதை எடுக்கும் ஜியோதெர்மல் ஹீட் பம்பை வைப்பதா என்று ஒரு வருஷ காலம் யோசித்து, கடைசியில் பூமியையே நம்பினோம். அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. ஆயினும், இத்தனை நல்ல யந்திரத்துக்குள் ஒரு மின்சுருளையும் வைத்து, அது எப்போது எரியவேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமையை வீட்டுக்காரன் கைக்கு எட்டாமல் பூட்டிவிட்ட தயாரிப்பாளரின் செய்கையைப் பற்றி விரிவாகச் சொல்லாமல், இதை வாங்குங்கள் என்று ஒருவருக்கும் சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் இந்த யந்திரத்தின் தத்துவம் புதியதன்று. மார்கழி விடியலில் துலாவால் இறைத்து ஊற்றிக்கொண்ட கிணற்று நீர் வெதுவெதுப்பாக இருந்ததும், சித்திரை வெயிலில் அதே நீர் உடலைச் சிலிர்க்க வைத்ததும் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். மாறியது காற்றேயன்றி நீரன்று என்பதை வயது வந்த பிறகுதான் உணர்ந்தோம். கிங்ஸ்டன் பக்கத்தில், மேலே பனி மூடி, வெளியே பூஜ்யத்துக்குக் கீழ் இருபது டிகிரிக் குளிர் அடிக்கும் நாளிலும், பத்து மீட்டர் ஆழத்துக்குக் கீழே பூமி எட்டு முதல் பத்து டிகிரி உஷ்ணத்தைக் காத்துக்கொண்டிருக்கிறது. குளிர்சாதனப் பெட்டி தன் உள்ளேயிருக்கும் சூட்டைக் கறந்து வெளியே தள்ளுவதுபோல, இந்த யந்திரம் பூமியிலிருந்து சூட்டைக் கறந்து வீட்டுக்குள் தள்ளுகிறது. 1912-ஆம் ஆண்டிலேயே சுவிட்சர்லாந்தின் ஹைன்ரிச் ஸெல்லி இதற்குக் காப்புரிமை கோரினார் என்றால், நாம் இதைப் புதுமை என்று அழைப்பது சரியாகாது.

நான்கு டன் திறன், இரண்டு வேகங்களில் ஓடும் கம்ப்ரஸர், கோடையில் குளிர்விக்கும் வசதி, குளிக்கும் நீரையும் பகுதியளவு சூடாக்கித் தரும் துணைச் சாதனம் ஆகிய விவரங்களெல்லாம் விளம்பரத் தாளில் இருப்பவை. அந்தத் தாளில் இல்லாதது நம் காலடியில் இருக்கும் மண். நிலம் தாராளமாக உள்ளவர்கள் ஆள் உயரத்துக்குப் பள்ளம் வெட்டிக் குழாயைப் படுக்கவைத்துவிடலாம். எங்கள் வளவிலோ மண்வெட்டி ஒரு முழம் இறங்குவதற்குள் பாறையில் முட்டும். ஆகவே எழுபது மீட்டர் ஆழத்தில் மூன்று துளைகள் இட்டு, ஒவ்வொன்றிலும் குழாயை இறக்கி மேலே திருப்பிக் கொண்டுவந்து, சுற்றியுள்ள இடைவெளியைப் பென்டோனைட் களிமண் குழம்பால் அடைத்தார்கள். ஐந்து மீட்டருக்கு மேல் இத்தகைய துளையிடுவதற்கு அரசாங்க அனுமதி வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டில் ஒன்ராறியோ விதித்தது. பாறை அடுக்குகளில் எரிவாயு சிக்கியிருக்கக்கூடிய இடங்களில் அது அவசியமான விதியே. துளையிட்ட செலவு யந்திரத்தின் விலையை மிஞ்சியது. ஆனால் வந்தது சுண்ணாம்புக் கல். உலர்ந்த மணலைவிடப் பல மடங்கு விரைவாக உஷ்ணத்தைக் கடத்தவல்ல அந்தக் கல்லின் சாம்பல் நிறத் துகள் துளைவாயில் குவிந்தபோது, யாழ்ப்பாணத்தில் எங்கள் கிணற்றை ஆழப்படுத்திய நாளில் முற்றத்தில் குவிந்த வெண்கல் என் கண்முன் வந்தது. யாழ்ப்பாணத்துக் கல் மயோசீன் காலத்தது; கிங்ஸ்டனின் கல்லுக்கோ ஏறக்குறைய நாற்பத்தைந்து கோடி ஆண்டு வயது. வயதில் எவ்வளவு வித்தியாசம் இருந்தாலும் கடலில் பிறந்த இரண்டும் ஒரே குலம்தான்.

யந்திரம் ஓடத் தொடங்கிய முதல் மாலை, காற்று வரும் வாயின்மேல் கையை வைத்துப் பார்த்த என் மனைவி, "இஞ்சாருங்கோ, இது வேலை செய்யுதோ? காத்துச் சூடாய் வரேல்லையே" என்றாள். பழைய ஃபர்னஸ் ஐம்பது டிகிரிக்கு மேற்பட்ட காற்றைப் பத்து நிமிஷம் வீசிவிட்டு அணைந்துவிடும்; இதுவோ முப்பத்தைந்து டிகிரிக் காற்றை மணிக்கணக்காக அனுப்பிக்கொண்டிருக்கும். உடம்பின் சூட்டைவிடச் சற்றுக் குறைந்த காற்று கைக்குச் சூடாகத் தோன்றாதது இயல்புதான். இரண்டு நாட்களுக்குள், மாடி அறைக்கும் கீழறைக்கும் இருந்த பேதம் மறைந்து, ஜன்னலோர நாற்காலியில் போர்வையில்லாமல் உட்கார முடிந்தபோது, இந்த மெதுவான சூட்டின் அருமை எங்கள் இருவருக்கும் புலப்பட்டது.

இனி அந்தச் சுருளைப் பற்றிச் சொல்கிறேன்.

ஹீட் பம்பை வீட்டின் உச்சத் தேவை முழுவதுக்கும் ஈடாக வாங்குவது அநாவசியச் செலவு. உச்சத் தேவையில் அறுபது, எழுபது சதவீதத்துக்கு அமைத்தால் போதும், ஆண்டுத் தேவையில் மிகப் பெரும்பகுதியை அதுவே பார்த்துக்கொள்ளும் என்பது கனடாவில் வழக்கமான நியதி. எஞ்சிய சில கடுங்குளிர் இரவுகளுக்காகவே, காற்றின் பாதையில் பத்து கிலோவாட் மின்சுருள் ஒன்றைப் பொருத்துகிறார்கள். கம்ப்ரஸர் ஒரு யூனிட் மின்சாரத்தைச் செலவிட்டு மூன்று யூனிட்டுக்கு மேல் உஷ்ணம் தரும். சுருள் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட்தான் தரும். வீட்டுக்கு வந்து சேரும் சூடு ஒன்றே. கொடுக்கும் விலை மூன்று மடங்கு.

எண்ணெய் ஃபர்னஸ் காலத்தில் சிக்கனத்துக்காகப் பழகிய வழக்கப்படி, இரவில் தெர்மோஸ்டாட்டைப் பதினேழுக்குக் குறைத்து, காலை ஆறு மணிக்கு இருபத்தொன்றுக்கு ஏற்றும்படி வைத்திருந்தேன். நான்கு டிகிரி இடைவெளியைக் கண்ட தெர்மோஸ்டாட், கம்ப்ரஸருக்குப் பத்து நிமிஷ அவகாசம் மாத்திரம் கொடுத்துவிட்டு, சுருளை மூட்டிவிட்டது. முதல் நாள் காலை தூசி கருகும் மணம் லேசாக வந்தது. புது யந்திரத்தின் மணம் என்று எண்ணிக்கொண்டேன். மாத முடிவில் மின்சார பில் நான் கணக்கிட்டதைவிட மிகுதியாக வந்தபிறகு, மணிவாரியான உபயோகப் படத்தை எடுத்துப் பார்த்தால், ஒவ்வொரு நாளும் ஆறு முதல் எட்டு மணிவரை ஒரே சீராக ஒரு கோபுரம் எழுந்து நின்றது. இரண்டு மணி நேரத்தில் சுருள் மட்டும் இருபது யூனிட். அதே சூட்டைக் கம்ப்ரஸர் ஆறு யூனிட்டில் தந்திருக்கும். சிக்கனம் என்று நான் சிரத்தையோடு செய்துவந்த காரியமே நஷ்டத்துக்குக் காரணமாக இருந்தது.

பழக்கத்தை மாற்றிக்கொள்வது என் பொறுப்பு. அதை அன்றே செய்தேன். ஆனால் சுருள் எரிகிறது என்பதை அறிவிக்கத் தெர்மோஸ்டாட்டில் ஓர் எறும்பளவு எழுத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. யந்திரத்தின் முகப்பில் விளக்கில்லை. கைப்பேசிச் செயலியிலோ, கம்ப்ரஸரும் சுருளும் ஒரே நிறத்தில், 'சூடேற்றுகிறது' என்ற ஒரே வார்த்தையில் அடங்கிவிடுகின்றன. இன்ன வெப்பநிலைக்கு மேல் சுருள் எரியலாகாது என்று கட்டளையிடும் வசதி உள்ளேயே இருக்கிறது. அதைத் திறக்கும் எண்ணோ, அங்கீகாரம் பெற்ற தொழில்நுட்பப் பணியாளரிடம் மாத்திரமே இருக்கும் என்று நிறுவனத்தார் சொல்லிவிட்டார்கள். மூன்று வாரம் காத்திருந்து, வந்தவருக்குக் கட்டணமும் கொடுத்து, பூஜ்யத்துக்குக் கீழ் பதினைந்து டிகிரிவரை சுருள் உறங்கும்படி செய்துகொண்டேன். அவருக்கு ஆன நேரம் ஐந்து நிமிஷம். தன் பணத்தால் வாங்கிய யந்திரத்தில், தன் செலவைத் தீர்மானிக்கும் ஒரே விசையை வீட்டுக்காரனுக்கு மறைப்பது எந்த நியாயத்திலும் அடங்காது.

அதன்பின் இருபதரை டிகிரியில் இரவும் பகலும் ஒரே நிலையில் விட்டுவிட்டேன். கம்ப்ரஸர் குறைந்த வேகத்தில் நாளுக்குப் பதினெட்டு மணி நேரம் ஓடுகிறது. அடுத்த அறையில் இருப்பவருக்கு அதன் ஓசை கேட்பதில்லை. ஆறு வாரங்களில் சுருள் இரண்டே இரவுகள் எரிந்தது. டிசம்பரில் ஒன்பது டிகிரியில் ஏறிவந்த குழாய்த் திரவம் இன்று ஒரு டிகிரியில் வருகிறது. இது கண்டு அஞ்சவேண்டியதில்லை: அதில் உறையாதிருக்க ஆல்கஹால் கலந்திருக்கிறது, பனிக்காலம் கழிந்ததும் சுற்றியுள்ள பாறை இழந்ததை மீட்கத் தொடங்கும், கோடையில் வீட்டிலிருந்து நாம் வெளியேற்றும் சூடும் அதே பாறைக்குத்தான் திரும்பப் போகிறது.

வாங்க உத்தேசித்திருப்பவர்கள் கம்பெனிப் பெயர்களை ஒப்பிடுவதில் காலத்தைச் செலவிடாமல், மூன்று காரியங்களை எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும். வீட்டின் உஷ்ண இழப்பை அறை அறையாகக் கணக்கிட்ட தாள் ஒன்று. பழைய ஃபர்னஸின் அளவைப் பார்த்துப் புதியதன் அளவைச் சொல்பவரை நம்பவேண்டாம். அந்த மண்ணுக்கு இத்தனை மீட்டர் குழாய் என்பதற்கான கணக்கு இரண்டாவது. குழாய் குறைந்தால் குளிர்காலக் கடைசியில் திரவம் மேலும் குளிர்ந்து, சுருள் அடிக்கடி எரியும். மூன்றாவது, சுருளின் பூட்டு எண். முதலிரண்டையும் நேர்மையான ஒப்பந்தக்காரர்கள் தயங்காமல் தருவார்கள். மூன்றாவதைத் தர மறுப்பவரிடம் முன்பணம் கொடுக்கவேண்டாம்.

தயாரிப்பாளருக்கும் என் வேண்டுகோள் இதுவே. சுருள் எரியும்போது முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு எரியட்டும். சுருளின் திறவுகோல் வீட்டில் இருப்பவரிடம் இருக்கட்டும். அவ்வளவும் செய்துவிட்டால், இந்த யந்திரத்தைப் பற்றி எழுத என்னிடம் நன்றியைத் தவிர வேறு வார்த்தை இராது.