எய்த கையும் ஈந்த கையும்

ஒரு கலையின் மேன்மையை அதன் திறத்தில் காண்பதா, அத்திறம் சென்று சேரும் இடத்தில் காண்பதா என்னும் வினா பழமையானது. வில்லைப் பற்றிய நம் இலக்கியங்களை அண்மையில் மீண்டும் படிக்க நேர்ந்தபோது இவ்வினா புதிதாய் நம் முன் நின்றது. அதற்குக் காரணமானவள் ஒரு சிறுமி.

முகப்பேரில் மறைக்கல்வி வகுப்பு முடிந்த ஒரு ஞாயிறன்று, வில்வித்தைப் பயிற்சிக்குச் சென்றுவரும் மாணவன் ஒருவன் நம்மிடம் வந்தான். "சாமி, வல்வில் ஓரி ஒரே அம்பால அஞ்சு மிருகத்தக் கொன்னாராம். பேச்சுப் போட்டியில அதத்தான் பேசப் போறேன்" என்றான். உடன் நின்ற அவன் தங்கை, "எதுக்கு சாமி அஞ்சு? சாப்பிட ஒண்ணு போதாதா?" என்று கேட்டாள். அண்ணன் சிரித்தான். நம்மால் சிரிக்க இயலவில்லை. இல்லம் திரும்பியதும் புறநானூற்றை எடுத்தோம்.

ஓரியைப் பற்றி வன்பரணர் பாடியது 152ஆம் பாட்டு. கொல்லிமலைத் தலைவனின் அம்பு யானையை வீழ்த்துகின்றது, புலியின் வாயை ஊடுருவுகின்றது, மானை உருட்டுகின்றது, பன்றியைச் சாய்க்கின்றது, இறுதியில் புற்றிலிருந்த உடும்பில் சென்று தங்குகின்றது. மேடைகளில் பெரிதும் முழங்குவது இப்பகுதியே. ஆடிப் பெருக்கையொட்டிக் கொல்லிமலையில் அரசு எடுக்கும் வல்வில் ஓரி விழாவிலும் வில்வித்தைப் போட்டி இடம்பெறுகின்றது. ஆனால் பாட்டு உடும்போடு முடியவில்லை. பாட்டின் உயிர் அதற்குப் பின்னரே தொடங்குகின்றது என்பது நம் கருத்து.

அம்பின் வழியைப் பார்த்து வியந்த புலவர், எய்தவனை உற்று நோக்குகின்றார். இவன் கூலிக்கு வேட்டையாடுபவனாகத் தோன்றவில்லையே, செல்வமுடையவனாய் இருக்கின்றானே என்று ஐயுறுகின்றார். வயிற்றுப்பாட்டுக்கு அன்றிப் பொழுதுபோக்காக வேட்டையாடும் மனிதனைத் தமிழ்க் கவிதை இங்கே நேருக்கு நேர் சந்திக்கின்றது. பாணர் கூட்டம் யாழும் முழவும் இசைத்துப் பாடி, 'கோ' என்று விளித்தவுடன், அது தன் பெயராதலின் அவன் நாணுகின்றான். வில்லில் நாணேற்றிய வீரன் தன் புகழைக் கேட்டு நாணுவதுதான் இப்பாட்டின் திருப்பம். அதன்பின் அவர்கள் வேண்டுவதைச் சொல்லவும் இடம் தராமல், மான் தசையும் மதுவும் தந்து, தன் மலைப் பொன்னை மணிகளோடு சேர்த்துக் காட்டிடையே அள்ளிக் கொடுக்கின்றான்.

இவ்வளவு அழகுக்கு இடையிலும் சிறுமியின் வினா நம்மை விடவில்லை. வீழ்ந்தவை ஐந்து, விருந்தாகக் குறிக்கப்பெறுவது மான் ஒன்றே. யானையும் புலியும் எதற்காக மாண்டன? உயர்வு நவிற்சி என்று விடை சொல்லித் தப்பலாம். ஆயின் உயர்வு நவிற்சியும் ஓர் ஆசையையே காட்டுகின்றது. ஒரே வீச்சில் காடு முழுவதையும் தன் காலடியில் காண விழையும் ஆசை அது. வன்பரணர் அந்த ஆசைக்குச் சற்றே இடம் கொடுத்துவிட்டார் என்றே சொல்லத் தோன்றுகின்றது. ஓரியும் பின்னர் மலையமான் காரியின் கையால் மாண்டதையும், கொல்லி சேரன் வசமானதையும் அகநானூறு சொல்லுகின்றது. வில்லாண்மை அவனைக் காக்கவில்லை. ஈகையே அவனைக் கடையெழு வள்ளல்களின் வரிசையில் நிறுத்தியது.

இதே வன்பரணர், நள்ளி என்னும் வள்ளலைப் பாடிய 150ஆம் பாட்டு அதிகம் பேசப்படுவதில்லை. ஆயினும் இரண்டில் அதுவே சிறந்த கவிதை என்போம். கூதிர்க்காலத்துப் பருந்தின் நனைந்த சிறகு போன்ற கந்தல் உடையோடு, பசியும் வழிநடைக் களைப்புமாய்ப் பலாமரத்தடியில் புலவர் அமர்ந்திருக்கின்றார். மான்களைக் கொன்ற குருதி கழலில் படிந்த வேட்டுவன் ஒருவன் வருகின்றான். தொழுது எழ முயன்ற புலவரைக் கைகவித்து அமர்த்துகின்றான். தன் இளைஞர் வந்து சேரும்வரை காத்திராமல் தானே தீக்கடைந்து, இறைச்சியைச் சுட்டு, அவர் சுற்றம் முழுவதையும் உண்ணச் செய்கின்றான். பிரியும்போது, காட்டில் வாழும் எம்மிடம் வேறு அரிய பொருளில்லை என்று சொல்லி, மார்பின் ஆரத்தையும் கையின் கடகத்தையும் கழற்றித் தருகின்றான். எந்த நாடு என்று கேட்டால் நாடு சொல்லவில்லை. யார் என்று கேட்டால் பேர் சொல்லவில்லை. வழியில் பிறர் சொல்லித்தான் அவன் நள்ளி என்பது தெரிகின்றது.

இப்பாட்டில் அம்பு பறப்பதை நாம் காண்பதேயில்லை. கழலில் படிந்த குருதி மட்டுமே கொலையை உணர்த்துகின்றது. புலவர் அதை மறைக்கவுமில்லை, கொண்டாடவுமில்லை. அந்தக் குருதிக்கு அருகிலேயே பசித்தவனுக்குத் தீ மூட்டும் கை இருக்கின்றது. பரிசில் பெற்றவர் புகழ்ந்து பாடுவது இயல்புதானே என்று ஒருவர் மறுக்கலாம். உண்மையே. ஆனால் பரிசிலின் பெருமையைப் பாடுவது எளிது. கொடுத்தவன் தன் பெயரை மறைத்ததைப் பாட நுண்ணிய உள்ளம் வேண்டும். வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்ற ஆண்டவரின் போதனையில் வளர்ந்த நமக்கு இப்பாட்டு அயலானதாகத் தோன்றவில்லை.

வேட்டைக்கும் வரம்புண்டு என்பதை இன்னும் தெளிவாகச் சொன்னவர் சேக்கிழார். முகப்பேருக்குத் தென்மேற்கே உள்ள குன்றத்தூர்தான் அவர் பிறந்த ஊர். பெரியபுராணத்தில் திண்ணனாரின் முதல் வேட்டையை விலங்கும் நாயும் வலையும் கலந்த பேரிரைச்சலாக விவரிக்கின்றார். அந்த இரைச்சலின் நடுவே, வேடர்கள் யானைக் கன்றைத் தொடர்வதில்லை, சிறு குட்டிகளைக் கொல்வதில்லை, கருவுற்று நடை தளர்ந்த பெண்மானை வருத்துவதில்லை என்று நின்று சொல்லுகின்றார். முகப்பேர் என்னும் பெயரே மகப்பேறு என்பதன் திரிபு என்று இவ்வூரார் சொல்லுவர். அப்படியொரு பெயருள்ள ஊரிலிருந்து படிக்கையில், சூல்கொண்ட மானுக்கு வழிவிடும் வேடர்கள் நமக்கு மேலும் நெருக்கமாகின்றனர்.

அந்த வேட்டையிலிருந்து காளத்தி மலைக்குச் சென்ற திண்ணனார், சுட்ட இறைச்சியைச் சுவைத்துப் பார்த்து இனியதையே தம் இறைவனுக்குப் படைக்கின்றார். இறுதியில், இறைவனின் கண்ணில் குருதி கண்டு, தம் கண்ணையே அம்பால் அகழ்ந்து அப்புகின்றார். இதுவரை பிற உயிரை நாடிய கணை, அன்பின் பொருட்டு எய்தவனையே நாடுகின்றது. அம்புக்கு இதனினும் உயர்ந்த இலக்கை எந்தக் கவிஞரும் தந்ததாக நமக்குத் தெரியவில்லை. அவருடைய இறைச்சிப் படையலைக் கண்டு அருவருத்தவரும், பின்னர் மறைந்து நின்று அவரது அன்பைக் கண்டு நடுங்கியவரும் ஒரு பூசகரே என்பது, பீடத்தில் பணிபுரியும் நம்போன்றோர் நினைவில் கொள்ளவேண்டிய செய்தி.

இவற்றுக்கு எதிர்முனையில் நம் மறைமாவட்டத்தோடு தொடர்புடைய மற்றோர் அம்பு உண்டு. புனித தோமையார் ஈட்டியால் குத்துண்டு இறந்தார் என்பது நம் மரபு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோவோ வேறொரு கதையைப் பதிவு செய்துள்ளார். தோமையார் மயில்கள் சூழச் செபித்துக்கொண்டிருந்தபோது, மயிலைக் குறிவைத்த ஒருவனின் அம்பு தவறி அவர் மேல் பாய்ந்தது. அவர் தம்மைப் படைத்தவரை இனிமையாய் அழைத்தபடி உயிர்விட்டார் என்பது அக்கதை. வரலாறாக இதை ஏற்கவேண்டியதில்லை. கதையாகவே அது போதிய பாடம் தருகின்றது. வேடன் தீயவனல்லன், அவன் கண்ணில் மயிலைத் தவிர வேறொன்றும் படவில்லை, அவ்வளவே. இலக்கை மட்டுமே காணும் கண்ணை நாம் எங்கும் புகழ்கின்றோம். இலக்குக்குப் பின்னால் நிற்பவரையும் காணும் கண்ணை யார் பயிற்றுகின்றார்?

இக்காலத்திற்கு இவையெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் வேட்டையைத் தடுக்கின்றது. ஆனால் வில்வேட்டை அமெரிக்காவில் இன்றும் உரிமம் பெற்ற பொழுதுபோக்காக நிலவுகின்றது. அங்கே அதற்குப் புத்துயிர் தந்தவர்களுள் ஒருவர் மருத்துவர் சாக்ஸ்டன் போப். அவருக்கு அதைக் கற்பித்தவர், தம் யாகி இனம் முழுவதும் அழிந்தபின் 1911இல் பசியோடு காட்டைவிட்டு வெளியே வந்த இஷி என்னும் பழங்குடியினர். இஷிக்கு வில் என்பது உணவு. அவரிடம் கற்றவர்களுக்கு அது ஓய்வுநேர இன்பம். உண்பதற்காகக் கொல்வதைத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் விலக்கவில்லை. தேவையின்றி விலங்குகளைத் துன்புறுத்துவதும் சாகடிப்பதும் மனித மாண்புக்கே முரணானவை என்கின்றது. சிறுமி கேட்டதும் இதைத்தானே!

தொடக்கநூலின் 9ஆம் அதிகாரம் இவ்விரண்டையும் ஒருங்கே வைத்திருக்கின்றது. வெள்ளத்திற்குப் பின் விலங்குகளை உண்ண மனிதனுக்கு இசைவு தரப்படுகின்றது. குருதியை உண்ணாதே என்ற வரம்பும் உடன் வருகின்றது. அதே மூச்சில் ஆண்டவர் நோவாவோடு மட்டுமன்றி எல்லா உயிர்களோடும் உடன்படிக்கை செய்து, தம் வில்லை மேகத்தில் வைக்கின்றார். எபிரேயத்தில் போர்வில்லுக்கும் வானவில்லுக்கும் சொல் ஒன்றே. தமிழும் அதனை வில் என்றே அழைக்கின்றது. எய்ய வல்லவர் எய்யாமல் மாட்டிவைத்த வில் அது. ஓரியின் யானையும் புலியும்கூட அந்த உடன்படிக்கைக்கு உட்பட்டவையே.

அடுத்த ஞாயிறு அந்த மாணவனிடம் நள்ளியின் பாட்டை விளக்கினோம். பயிற்சியை விடவேண்டாம், வைக்கோல் இலக்கில் அம்பு தைப்பதால் எவருக்கும் இழப்பில்லை என்றும் சொன்னோம். "சாமி, இதுல அம்பு விடற இடமே இல்லையே, எப்படிப் பேசறது?" என்று அவன் தயங்கினான். தங்கை இடைமறித்து, "சோறு போடற இடத்தப் பேசு" என்றாள். திறனாய்வு அங்கே முடிந்தது.