ஹார்னுக்கு ஒரு தனி வயர்: ராலி ஸ்டியரிங் பட்டன்கள் பற்றி ஒரு விமர்சனம்

காரை ராலி கார் மாதிரி மாற்ற நினைப்பவர்கள் முதலில் கை வைக்கிற இடம் ஸ்டியரிங்தான். கம்பெனி வீலைக் கழற்றிவிட்டு, தோல் சுற்றிய சின்ன வட்டமான வீல் ஒன்றைப் போட்டு, நடுவில் கலர் கலராகப் பட்டன் வைப்பார்கள். பார்க்க ஜோராகத்தான் இருக்கும். சினிமாவுக்கும் நாவலுக்கும் விமர்சனம் எழுதுகிறோம், ஒரு வயரிங்குக்கு ஏன் எழுதக்கூடாது? அதற்குப் பின்னாலும் ஒருவர் எடுத்த முடிவுகள் இருக்கின்றன. அந்த முடிவு சரியில்லை என்றால் அடிபடப்போவது ரோட்டில் போகிற வேறு யாரோ.

நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் எங்கள் பாபநாசம் பக்கம் ஓடுகிற ஒரு ஹேட்ச்பேக். உரிமையாளர் பானட்டைத் திறந்து எல்லாவற்றையும் காட்டினார், மறைக்கவில்லை. வீலில் நாலு பட்டன்: ஹார்ன், வைப்பர், ஹை பீம், கூடுதல் லைட். நாலும் ஒரே வயர் வழியாக ஒரு ஆர்டுயினோ போர்டுக்குப் போகின்றன. போர்டு சொல்ல, ரிலேக்கள் வேலை செய்கின்றன. வேலை சுத்தம். ஒவ்வொரு மூட்டிலும் ஸ்லீவ் சுருக்கி ஒட்டியிருக்கிறது, வயருக்கு வயர் லேபிள் இருக்கிறது. வீலுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் பழைய டெலிபோன் வயர் மாதிரி சுருள் கேபிள். அது நல்ல தேர்வு. அறுந்தால் கண்ணுக்குத் தெரியும், ரோட்டோரத்திலேயே மாற்றலாம்.

கைவேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் சண்டை அதன் யோசனையோடு.

ராலி வீலும் ரேஸ் வீலும் ஒன்றல்ல. இதற்கு நம்ம ஊர் சாட்சியே உண்டு. கோயம்புத்தூர் ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்றவர். அவர் மகன் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டன் அணியில் சேர்ந்து ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர். அப்பா காலத்து ராலி கார் வீலில் பெரும்பாலும் ஹார்னைத் தவிர எதுவும் கிடையாது. மகன் பிடித்த ஃபார்முலா ஒன் வீலோ பட்டனும் திருகும் நிறைந்த ஒரு கன்ட்ரோல் பேனல். ஒரே வீட்டுக்குள் இரண்டு வகை வீல்!

காரணம் கை இருக்கும் இடம். ஃபார்முலா ஒன் வீல் பெரும்பாலும் அரைச் சுற்றுக்கு மேல் திரும்பாது, கை பிடியை விடாது. கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் பட்டன் எப்போதும் கட்டைவிரலுக்குக் கீழேயே இருக்கும். மண் ரோட்டிலும் ஊர் ரோட்டிலும் அப்படியில்லை. கை மாற்றி மாற்றிச் சுற்றுகிறோம். வீல் பாதி சுற்று திரும்பினால் இடது பட்டன் வலது பக்கம், அதுவும் தலைகீழாக! வளைவில் எதிரே வண்டி வரும்போது எது ஹார்ன், எது வைப்பர் என்று தேடவேண்டி வரும். இந்தத் தொல்லையைத் தீர்க்க சிட்ரோயன் கம்பெனி 2004-ல் வந்த சி4 காரில் வீலின் நடுப்பகுதியை அசையாமல் நிறுத்திவிட்டு விளிம்பை மட்டும் சுற்றவிட்டது. பட்டன் இருந்த இடத்திலேயே இருக்கும். அந்த அமைப்பு பரவவில்லை. ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்டவர்கள் அவர்கள்.

இன்னொன்றும் உண்டு. 1989 பிரேசில் கிராண்ட் பிரீயில், ஸ்டியரிங்குக்குப் பின்னால் கியர் துடுப்பு வைத்த ஃபெராரி 640 தன் முதல் போட்டியிலேயே ஜெயித்தது. அந்த ரேஸின் நடுவில் நைஜல் மான்செல் பிட்டுக்கு வந்து வீலையே மாற்றிக்கொண்டு போனார். அங்கே மாற்று வீலோடு மெக்கானிக் நிற்பார். ராலியில் காட்டு நடுவில் ஓட்டுநரும் கோ-டிரைவரும் மட்டும்தான். 2022-ல் உலக ராலியின் ரேலி1 கார்கள் செலவைக் குறைக்கத் துடுப்பை விட்டுவிட்டு மறுபடி கியர் லீவருக்கே திரும்பின. உச்சத்தில் இருப்பவர்களே வீலில் இருந்து சுமையை இறக்கும்போது நாம் ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது கணக்குக்கு வருவோம். சாதாரண காரில் ஹார்ன் பட்டன் செய்வது ரிலேயின் காயிலை எர்த் பண்ணுவது, அவ்வளவுதான். 12 வோல்ட் ரிலே காயில் சுமார் 85 ஓம். ஆகவே பட்டன் வழியாக ஓடுவது 0.14 ஆம்பியர். ஹார்னுக்குத் தேவையான பெரிய கரண்ட்டை ரிலே பார்த்துக்கொள்ளும். நடுவில் மென்பொருள் இல்லை. இந்த ஏற்பாட்டில் குறை சொல்ல எனக்கு எதுவும் தோன்றவில்லை.

அந்த ஹேட்ச்பேக்கில் இருப்பது ரெசிஸ்டர் ஏணி. 5 வோல்ட், மேலே 1,000 ஓம். ஹார்ன் 0 ஓம், வைப்பர் 330, ஹை பீம் 1,000, கூடுதல் லைட் 3,000. எதை அழுத்தினாலும் வேறு வேறு வோல்டேஜ் வரும்: 0, 1.24, 2.5, 3.75. அதைப் படித்து எந்தப் பட்டன் என்று போர்டு முடிவு செய்யும். ஹார்னுக்கும் வைப்பருக்கும் எல்லைக்கோடு 0.62 வோல்ட். பட்டனுக்குள் தூசியும் ஈரமும் சேர்ந்து 150 ஓம் தடை வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹார்ன் பட்டன் 0.65 வோல்ட் காட்டும். போர்டு அதை வைப்பர் என்று படிக்கும். அதாவது, ஹார்ன் அடித்தால் கண்ணாடி துடைக்கும்!

நேரடி ரிலேயிலும் அழுக்கு சேரலாமே என்பீர்கள். சேரலாம். ஆனால் 12 வோல்ட்டும் 140 மில்லி ஆம்பியரும் அந்த மெல்லிய படலத்தை ஓரளவு சுட்டுத் தள்ளும், 5 மில்லி ஆம்பியருக்கு அந்தத் தெம்பு கிடையாது. மீறிப் பழுதானாலும் ஹார்ன் அடிக்காமல் போகுமே தவிர வேறு வேலை செய்யாது. இரண்டு பட்டனை ஒன்றாக அழுத்தினாலும் ஏணி தடுமாறும். ஹை பீமும் கூடுதல் லைட்டும் சேர்ந்தால் 2.14 வோல்ட், போர்டுக்கு அது ஹை பீம் மட்டும்தான். பத்தாததற்கு ஸ்டார்ட் பண்ணும்போது பேட்டரி வோல்டேஜ் சரிந்து போர்டு உறைந்துவிட்டால் நாலு பட்டனும் போச்சு. மென்பொருள்தான் என் சோறு. அதனாலேயே சொல்கிறேன், ஹார்னுக்கு நடுவில் மென்பொருள் வேண்டாம்.

சரி, வழி என்ன? ஹார்னுக்கும் ஹை பீமுக்கும் சுருள் கேபிளில் தனித்தனி வயர், தனித்தனி ரிலே. மீதி இரண்டுக்கும் ஏணியோ போர்டோ வைத்துக்கொள்ளலாம். தவறினாலும் உயிர் போகாது. பட்டன் நிறைய வேண்டுமென்றால் 1986-ல் பாஷ் அறிமுகப்படுத்திய கேன் முறை இருக்கிறது. வீலுக்குள் சின்ன போர்டு, கீழே நாலே வயர். அப்போதும் ஹார்ன் வயர் ஐந்தாவதாகத் தனியே வரட்டும். எர்த்தும் தனி வயராக இருக்கட்டும். ஸ்டியரிங் தண்டின் ரப்பர் மூட்டையும் கிரீஸையும் நம்பி எர்த் எடுக்கக்கூடாது.

இதையெல்லாம் விடப் பெரிய குற்றச்சாட்டு ஒன்று பாக்கி இருக்கிறது. கம்பெனி வீலோடு ஏர்பேக்கும் போய்விட்டது. டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரியாமல் இருக்க அந்த இடத்தில் ஒரு ரெசிஸ்டர் பற்றவைத்திருக்கிறது. ராலி காரிலும் ஏர்பேக் இல்லையே என்று பதில் வந்தது. உண்மை. ஆனால் அங்கே ரோல் கேஜ், பல முனை பெல்ட், ஹெல்மெட் எல்லாம் சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன. இங்கே அவை எதுவும் இல்லை. 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். கம்பெனி அமைப்பை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சட்டத்தை விடுங்கள். அந்த ரெசிஸ்டர் கார் கம்ப்யூட்டரிடம் ஒரு பொய் சொல்கிறது. நாளைக்கு இந்தக் காரை வாங்குபவருக்கும் அதே பொய்தான்.

அறுவடைக் காலத்தில் எங்கள் ஊர் ரோடுகளில் ஒரு பாதி நெல் காய்ந்துகொண்டிருக்கும், மறு பாதியில் பின் விளக்கு இல்லாத டிராக்டர் போகும். ராத்திரியில் அந்த டிராக்டர்காரருக்கும் நமக்கும் நடுவில் இருப்பது ஒரு ஹார்னும் ஒரு ஹை பீமும்தான். வீலில் எத்தனை பட்டன் வேண்டுமானாலும் வையுங்கள். அந்த இரண்டு மட்டும் அழுத்தினால் கேட்கணும், தெரியணும்.