கௌலியின் நிறமும் வன்னியின் துளையும்

பழைய மொறிஸ் மைனரைத் திருத்தியெடுப்பவர்கள் பலர் எஞ்சின் அறையையும் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே கொண்டுவர விரும்புகிறார்கள். மைனரில் அந்த அறைக்கும் வெளிப்புற நிறம்தான். இந்த ஆசையால் காருக்கு நன்மை உண்டு. கறளைச் சுரண்டி, வெறுந் தகரம்வரை போய்ப் பிறைமர் அடித்தால்தான் அந்த நிறம் நிற்கும். பற்றரித் தட்டுக்குக் கீழே அரித்துப்போன இடமும் அப்போதுதான் அகப்படும். வெளிர் நிறமென்றால் எண்ணெய்க் கசிவும் உடனே தெரியும்.

வேலை மிஞ்சிப்போகும்போது பிழை தொடங்குகிறது. ஒக்ஸ்போர்ட் அருகே கௌலியில் 1948 முதல் உருவான மைனர் சாதாரண மக்களின் கார். அதன் எஞ்சின் அறையை எவரும் கண்ணாடிபோல மினுக்கவில்லை. இன்று ஹார்டனர் கலந்த பெயின்றும் அதன்மேல் கிளியரும் அடித்துப் பளபளப்பாக்கிவிட்டு, அதைத் தொழிற்சாலைப் பூச்சு என்பது தவறு. அந்த ஹார்டனரில் உள்ள ஐசோசயனேற் நுரையீரலைக் கெடுக்கும். முகத்தில் துணி கட்டிக்கொண்டு செய்யக்கூடிய வேலை அல்ல அது.

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில், எதைப் பழையபடி ஆக்குவது என்ற கேள்வி இன்னும் ஆழமானது. போர்க்காலத்தில், 1990இல் பொருளாதாரத் தடை வந்தபின் வடக்கில் பெற்றோல் அரிதாகி, மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் குளிரில் லேசில் ஆவியாகாது. அமுக்கம் கூடினால் எஞ்சின் தட்டும். இவற்றைச் சமாளிக்க எங்கள் மெக்கானிக்குகள் கண்ட வழிகளுக்கு கௌலியின் கையேட்டில் இடமில்லை. அவை இருந்தது எஞ்சின் அறைக்குள்: திசைமாற்றிய எரிபொருள் குழாய், அதற்காகத் தகரத்தில் போட்ட துளை, கையால் வளைத்த பிடி.

போர் முடிந்த 2009இல் முல்லைத்தீவுக் கரையோரத்தில் கைவிடப்பட்ட வாகனங்கள் எரிந்தும் நசுங்கியும் குவிந்து கிடந்தன. அந்தக் காலத்தைத் தாண்டி வந்த காரில் அந்தத் துளையைப் பற்றவைத்து மூடி, மேலே கௌலியின் நிறத்தைப் பூசுவது தொழிலுக்குச் சரியாக இருக்கலாம், எனக்கு ஒப்பவில்லை. எங்கள் கைகள் அந்தக் காரில் செய்த வேலைக்கு வேறு சாட்சி இல்லை.

கறளை எடுங்கள், நிறத்தையும் அடியுங்கள். ஆனால் சாண்ட் பேப்பர் போடுமுன் எல்லா மூலைகளையும் படம் எடுங்கள். துளையை மூடாதீர்கள், ஓரத்துக்கு றப்பர் வளையம் போடுங்கள். கழற்றிய குழாயைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். அதைப் பொருத்திய மெக்கானிக் உயிரோடு இருந்தால், அவரிடம் விபரம் கேட்டு எழுதிவையுங்கள்.