ஆசனம் குளிர்ந்த குரு

இத்தாலியில் 1680-இல் பிறந்து, தமிழ்ப் புலவராகவே மாறிவிட்ட வீரமாமுனிவர் இயற்றி, 1822-இல் லண்டனில் அச்சேறிய பரமார்த்த குரு கதையை ஆம்பூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போதெல்லாம், அதன் சிரிப்புக்கு அடியில் எத்துணைக் கருமை உறைந்திருக்கிறது என்று நான் வியப்பதுண்டு. குதிரையிலிருந்து குழிக்குள் விழுந்த குரு அலறுகிறார்; விழுந்தால் எடுக்கவேண்டிய பொருள்களின் ஜாபிதாவில் அவர் இல்லையென்று, மட்டி, மடையன் முதலான ஐந்து சீடர்களும் அவருடைய வஸ்திரங்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு, அவரை நிர்வாணமாகக் கிடக்கவிட்டு நிற்கிறார்கள்! தம்மையும் தூக்குமாறு அவரே ஓலையில் எழுதிக் கொடுத்த பின்னரே அவருக்கு விமோசனம். முடிவில், ஆசனம் குளிர்ந்தால் மரணம் என்ற ஜோசியத்தை நம்பிய பாவத்துக்காக அவர் மாண்டே போகிறார்.

பஞ்சதந்திரத்தில் நீலத்தொட்டியில் விழுந்து, காட்டுக்கு ராஜாவாகி, இனத்தின் குரல் கேட்டு ஊளையிட்டதால் உயிரிழக்கும் நரியும் இவ்வகையே. வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் டேனரிகளின் சாயத்தைக் கண்டு வளரும் பிள்ளைகளுக்கு அந்நரியின் கோலத்தை வர்ணிக்கவே வேண்டியதில்லை.

பெரியோரின் கட்டளைக்கும் சட்டத்துக்கும் அன்றாடம் கீழ்ப்படியும் குழந்தை, அக்கட்டளையை அட்சரம் பிசகாமல் அனுசரித்தே ஒரு பெரியவரைத் தவிக்கவிடும் சீடர்களைக் கண்டு அடையும் ஆனந்தம் நியாயமானது. அதனிடம் குரூரம் இல்லை, கூர்மையான விவேகமே இருக்கிறது. மரணம் என்னும் பெரும் பயத்தையும் அது இக்கதையில்தான் முதன்முதலாகச் சிரித்துக்கொண்டே சந்திக்கிறது.

ஆகையால், கதை சொல்லும் அன்பர்களே, கருணை காட்டுவதாக எண்ணிக் குருவைப் பிழைக்க வைத்துவிடாதீர்கள்.